மூச்சு விடும் வீடு

செவெரின் முதன்முதலாக எங்கள் மேட்டுக்கு வந்தது மே மாதத்தில். மே மாதத்தில் எந்த மடையனுக்கும் எங்கள் ஊர் பிடித்துப்போகும். கொடியில் தளிர், மரத்தில் குயில், சாலையில் ஒரு வண்டி கிடையாது. வியன்னாவிலிருந்து வந்து இறங்கியவன், வெள்ளைக் கால்சட்டையோடு எங்கள் மஞ்சள் மண்ணில் மண்டியிட்டு, ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தான். எங்கள் ஊரில் மண்ணை மோந்து பார்ப்பது நாய்கள் மட்டும்தான். இப்போது ஆர்க்கிடெக்டும் சேர்ந்துகொண்டான்.

என் தம்பி அலாய்ஸ் பக்கத்தில் நின்று பூரித்துப்போனான்.

"பாரேன் அக்கா, நம்ம மண்ணை எவ்வளவு மரியாதையா தொடறாரு!"

"அந்தக் கால்சட்டையை யாரு துவைக்கப் போறான்னு கேளுடா," என்றேன்.

அப்பா போன பிறகு நாங்கள் பங்கு பிரித்துக்கொண்டோம். கொடிகளும், குன்றுக்குள் குடைந்த நிலவறையும் எனக்கு. நிலவறை வாசலுக்குக் கீழே சரிந்து இறங்கும் நிலம் அவனுக்கு. ஒயின் செய்வது அவனுக்கு வராது. வாலிபத்தில் ஒருமுறை ஒரு பீப்பாயை அவன் பொறுப்பில் விட்டோம், அது வினிகராகத் திரும்பி வந்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து, அலுத்து, கல்யாணமும் முறிந்து, ஐம்பது வயதில் ஊர் திரும்பியவனுக்குத் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசை. அது எனக்குப் புரிந்தது. திராட்சைத் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் தங்க ஒரு விருந்தினர் வீடு கட்டுகிறேன் என்றான். கட்டிக்கொள்ளடா என்றேன். நாலு சுவர், ஒரு கூரை, சுடுதண்ணீர், காலையில் ரொட்டியும் ஹாமும். இதற்கு மேல் ஒரு வீட்டுக்கு என்ன வேண்டும்?

செவெரினுக்கு வேண்டியிருந்தது.

"இது வெறும் வீடு இல்ல மேடம். மண்ணுலேர்ந்து முளைக்கிற வீடு. பூமிக்குப் பாரமில்லாத வீடு. மூச்சு விடற வீடு!"

அவன் பேசும்போது இரண்டு கையும் காற்றில் எதையோ பிசையும். அலாய்ஸ் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பசுமை வீடு முளைத்த அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். பாதி வீடு பூமிக்குள் புதைந்திருக்கும். சுவர் எங்கள் மண்ணையே இடித்துக் கட்டியது. சரி, அது நல்லதுதான், எங்கள் பாட்டன்களும் அப்படித்தான் கட்டினார்கள், அதற்கு அவர்கள் யாரிடமும் பரிசு கேட்கவில்லை. சுவருக்குள் ஆட்டுக்கம்பளி அடைத்தான். பக்கத்து ஊரில் மந்தை மந்தையாக ஆடு இருக்கிறது. "அது கொஞ்சம் முரட்டுக் கம்பளி" என்று சொல்லி, உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து கப்பலில் கம்பளி வரவழைத்தான். பூமிக்குப் பாரமில்லையாம்! கூரையில் புல். ஜன்னலோ திறக்காத ஜன்னல். திறந்தால் குளிர்ச்சி ஓடிவிடுமாம். படுக்கைக்குக் கால் கிடையாது, தரையோடு தரையாக ஒரு மெத்தை. "தூங்கறப்போ பூமியோட நெஞ்சுத் துடிப்பு கேக்கணும்" என்றான். அந்த மெத்தையிலிருந்து எழுந்திருக்கும்போது என் முழங்கால் துடிக்கும் துடிப்பு பூமிக்கே கேட்கும்.

இதெல்லாம் அவன் பைத்தியம், அலாய்ஸின் பணம், எனக்கென்ன என்று இருந்தேன். ஒருநாள் ஒரு படத்தைச் சுருட்டிக்கொண்டு என் அடுக்களைக்கே வந்துவிட்டான்.

"மேடம், உங்க நிலவறையில கோடையிலயும் ஜிலுஜிலுன்னு இருக்கு. அந்தக் காத்தைக் கொஞ்சம் எங்களுக்குக் குடுங்க. நிலவறைத் தரையில ஒரு ஓட்டை, அங்கேருந்து ஒரு குழாய், நேரா படுக்கையறைத் தரைக்கு. வீடு கீழ இருக்கு, நிலவறை மேல இருக்கு. குளிர்காத்து கனமானது, தானா இறங்கி வந்துடும். மின்விசிறி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு துண்டு கரி எரியாது!"

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"சார், என் நிலவறையில என்ன நடக்குதுன்னு தெரியுமா?"

"ஒயின் தூங்குது!" என்றான். முகமெல்லாம் மலர்ச்சி.

"கோடையில தூங்குது. அக்டோபர்ல?"

அக்டோபரில் அவன் எங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை. அக்டோபரில் திராட்சையைப் பிழிந்து சாற்றைப் பீப்பாயில் ஊற்றுவோம். சாறு பொங்கும். பொங்கும்போது கரியமில வாயு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காற்றைவிடக் கனம், அதனால் தரையில் தண்ணீர் போல் தேங்கி நிற்கும். எங்கள் ஊரில் அதற்குப் பேர்கூடச் சொல்வதில்லை. "அது இறங்கியிருக்கு" என்போம், அவ்வளவுதான். பொங்கும் காலத்தில் எரியும் மெழுகுவத்தி இல்லாமல் யாரும் நிலவறைக்குள் கால் வைக்கமாட்டார்கள். மெழுகுவத்தியை முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது, முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு போகவேண்டும். அது அணைந்தால் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட வேண்டும். எழுத்துக் கற்றுக்கொள்ளும் முன்பே எங்கள் ஊர்க் குழந்தைகள் இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

எங்கள் ஃபெர்டி சித்தப்பா ஒருநாள் மெழுகுவத்தி அணைந்த பிறகும் இரண்டடி முன்னே போனார். கீழே விழுந்த புனலை எடுக்கக் குனிந்தாராம். குனிந்தவர் நிமிரவில்லை. அவரை வெளியே இழுத்துப்போட்டபோது நிலவறை வாசலில் நின்றுகொண்டிருந்தவன் அலாய்ஸ். அப்போது அவனுக்கு ஏழு வயசு.

இதையெல்லாம் செவெரினிடம் சொன்னேன். அவன் கண் கலங்கிப்போய், "எவ்வளவு ஆழமான கதை!" என்றான். கதையாம்! நான் அலாய்ஸைப் பார்த்தேன்.

"இங்க பாருடா. ஓட்டை போட்டுக்கோ, நான் வேண்டாங்கலை. ஆனா அதுக்கு ஒரு இரும்பு மூடி வேணும், நல்லா திருகி மூடற மூடி. முதல் கூடை திராட்சை வர்றதுக்கு முன்னாடி நான் அதை மூடிடுவேன், பனி விழற வரைக்கும் திறக்கமாட்டேன். சரின்னா குழாய் போடு. இல்லேன்னா உன் விருந்தாளி வேர்த்துக்கிட்டுக் கிடக்கட்டும்."

"கண்டிப்பா அக்கா," என்றான் அலாய்ஸ்.

"கண்டிப்பா மேடம்," என்றான் செவெரின்.

வீடு கட்டி முடித்த வருஷம் கோடை முழுக்கக் குழாயில் காற்று இறங்கியது. குளிர்ச்சியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வியன்னாக்காரர்கள் தரையில் இருந்த செப்புச் சல்லடை மேல் பாதத்தை வைத்துக்கொண்டு ஆகா ஓகோ என்றார்கள். அலாய்ஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். அவன் அப்படி நடந்து பார்த்து எத்தனை காலம்! எனக்கும் சந்தோஷம்தான்.

அறுவடைக்கு முந்தின வாரம் ஓட்டையை மூடப் போனேன். மூடி இல்லை. என் நிலவறைத் தரையில் இன்னொரு செப்புச் சல்லடை பளபளத்தது, அதில் திராட்சை இலை வேலைப்பாடு வேறு. ஆர்க்கிடெக்டுக்குப் போன் போட்டேன்.

"மேடம், இரும்பு மூடி அந்த இடத்தோட பேசவே மாட்டேங்குது. ரெண்டு தடவை வரைஞ்சு பாத்தேன். மூடின்னு வந்துட்டா அது அடைச்சுப் போட்ட வீடு ஆயிடும். இது மூச்சு விடற வீடு."

"உங்க வீடு மூச்சு விடறதுக்கு ஆளுங்க மூச்சு நிக்கணுமா சார்?"

"நீங்க எல்லாத்தையும் ரொம்ப இருட்டா பாக்கறீங்க மேடம்."

அந்த நொடியில் அவன் எதிரே இல்லாதது அவன் அதிர்ஷ்டம். போனை வைத்துவிட்டு, சாக்கில் வைக்கோலைத் திணித்து ஓட்டைக்குள் இறுக அடைத்தேன். மேலே ஈர மண் அப்பினேன். அலாய்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுமேல கைய வெச்ச, கைய ஒடிச்சுடுவேன்," என்றேன். தலையாட்டினான். திராட்சை வந்தது, பிழிந்தோம், பீப்பாய்கள் நிறைந்தன. மூன்றாம் நாள் நிலவறை முழுக்கக் குபுகுபு என்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு வருஷம் முடிந்த மாதிரி இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள் என்று அலாய்ஸ் ஊரையே கூட்டிவிட்டான். மத்தியானம் நல்ல வெயில். வீட்டுக்கு முன்னே மேசை போட்டுப் பாதி பொங்கின சாற்றை ஜாடி ஜாடியாக வைத்தோம். அக்டோபரில் எங்கள் ஊரில் அதைத்தான் குடிப்பார்கள். அதற்குக் கிண்ணத்தை முட்டிக்கொள்ளும் வழக்கம் கிடையாது, அது இன்னும் ஒயின் ஆகவில்லையே. செவெரின் எல்லோர் கிண்ணத்தோடும் டிங் டிங் என்று முட்டினான். பக்கத்து நிலவறைக்காரர் வென்செல் அண்ணன் மட்டும் கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஆகா, உயிரோட இருக்கு!" என்று செவெரின் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "பாருங்க, எப்படிக் குமிழி விடுது!"

அந்தக் குமிழி எல்லாம் எங்கே போகும் என்று மட்டும் அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

படுக்கையறையில் படமெடுப்பு நடந்தது. செவெரினின் மனைவி லிவியாதான் விருந்தாளி வேஷம். நல்ல பெண், எதற்கும் சரி என்பாள். கால் இல்லாத அந்த மெத்தையில் கையில் ஒரு புத்தகத்தோடு படுத்துக்கொண்டாள். அவளைச் சுற்றித் தரையில் தேன்மெழுகு வத்திகள். அதுவும் செவெரின் யோசனைதான். போட்டோக்காரன் கேமராவோடு ஒரு ஸ்டூல் மேல் நின்றான். நான் பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டித் தட்டோடு வாசல் படியில் நின்றேன். உள்ளே போக நாலு படி இறங்க வேண்டும். வென்செல் அண்ணனும் இன்னும் சிலரும் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சல்லடைக்குப் பக்கத்தில் இருந்த வத்தி அணைந்தது.

"காத்து அடிக்குது போல," என்றான் போட்டோக்காரன்.

திறக்காத ஜன்னலில் எங்கிருந்து காற்று? அடுத்த வத்தி அணைந்தது. அப்புறம் அதற்கடுத்தது. மெத்தை ஓரமாக வரிசையாக, யாரோ குனிந்து நடந்து ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டே வருவது போல. மேலே அலமாரியில் இருந்த வத்தி மட்டும் ஆடாமல் அசையாமல் எரிந்தது.

வென்செல் அண்ணன் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டுப் பின்னால் போனார். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் பின்வாங்கினார்கள். நான் அடைத்த சாக்கு என்ன ஆயிற்று?

"தேன்மெழுகுன்னா இப்படித்தான், திரி நனைஞ்சிருக்கும்," என்றான் செவெரின். "யாராவது திரும்ப ஏத்துங்களேன்!"

ஏற்றப் போனது யார் தெரியுமா? என் தம்பி. ஃபெர்டி சித்தப்பாவை இழுத்துப்போட்டபோது வாசலில் நின்ற அதே அலாய்ஸ். சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்துக்கொண்டு, படம் நன்றாக வரவேண்டுமே என்ற கவலை முகத்தில் வழிய, மெத்தைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"அலாய்ஸ்! சாக்கை என்னடா பண்ணினே?"

"இன்னிக்கு ஒரு நாள்தான் அக்கா," என்றான், திரும்பாமலே. "பத்திரிகைக்காரங்க குளிர்ச்சியைத் தொட்டுப் பாக்கணும்னு சார் சொன்னாரு. காலையில நிலவறையைக் காத்தாட விட்டுட்டுத்தான் எடுத்தேன். சாயங்காலம் திரும்ப அடைச்சுடறேன்..."

"ஐயோ, எவ்வளவு நிம்மதியா இருக்கு," என்றாள் லிவியா, கண்ணை மூடிக்கொண்டு. "தூக்கம் தூக்கமா வருது."

தட்டு என் கையிலிருந்து விழுந்ததா, நான் போட்டேனா தெரியாது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி ஓடி, அந்தப் பெண்ணின் இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தேன். புத்தகம் ஒரு பக்கம், வத்திகள் ஒரு பக்கம். செவெரின் "படம்! படம்!" என்று கத்தினான். அலாய்ஸ் மட்டும் குனிந்தபடியே லைட்டரைத் தட்டினான். பொறி வந்தது, தீ வரவில்லை. திரும்பத் தட்டினான். கையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கித் தட்டினான். சின்னத் தீ வந்தது. அதைக் கீழே இறக்கினான். அவன் கண் எதிரே அது அணைந்தது.

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன், நிலவறை வாசலில். அடுத்த நொடி லிவியாவின் கைகளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினான். படியேறி வெளியே புல்லில் கொண்டுபோய்க் கிடத்தினோம். அவள் வாந்தி எடுத்தாள், தலை பிளக்கிறது என்று அழுதாள், கொஞ்ச நேரத்தில் வெளுத்திருந்த முகத்தில் நிறம் திரும்பியது. போட்டோக்காரன் ஸ்டூல் மேல் நின்ற புண்ணியத்தில் பிழைத்தான்.

செவெரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தடவினான். பயந்துதான் போயிருந்தான், நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் அந்தப் பயம் ஒரு கிண்ணம் தண்ணீர் குடிக்கும் வரைதான் நின்றது. அப்புறம் எழுந்தான், இரண்டு கையும் காற்றைப் பிசைய ஆரம்பித்தன.

"மேடம், இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. யோசிச்சுப் பாத்தா இது வடிவமைப்போட குறையே இல்ல. அடுத்த வருஷத்துலேர்ந்து நீங்க சாறை வேற எங்கயாவது பொங்க வெச்சுக்கங்க. நிலவறை சும்மா காலியா இருக்கட்டும். காத்து சுத்தமா இருக்கும்."

வென்செல் அண்ணன் சிரித்த சிரிப்பில் பெஞ்சில் உட்கார வேண்டியதாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒயின் பாக்க வர்றவன் சொகமா தூங்கறதுக்காக ஒயினை வீட்டை விட்டுத் துரத்தணும். அப்படித்தானே சார்? கொடிகூடக் கொஞ்சம் இடைஞ்சல்தான், இலை உதிர்த்துக் குப்பை போடுது. அதையும் வெட்டிடலாமா?"

"மேடம், நான் அந்த அர்த்தத்துல..."

"அலாய்ஸ், நீ சொல்லு. உன் வீடு. உன் விருந்தாளி. என்ன பண்ணலாம்?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கையில் இன்னும் அந்த லைட்டர். அவன் அந்த ஆளைப் பார்த்து இன்னொரு முறை "கண்டிப்பா" என்று சொல்லிவிட்டால், எனக்குத் தம்பி என்று ஒருவன் இல்லை. அதை அப்போதே மனதில் முடிவு பண்ணிவிட்டேன்.

அலாய்ஸ் கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டான். வீட்டுக் கதவையும் நிலவறைக் கதவையும் அகலத் திறந்துவைத்துக் காற்று ஓடும் வரை காத்திருந்தான். சரிவில் மண்ணைத் தோண்டி வாளித் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தான், நல்ல சட்டையோடேயே. வத்தி ஒன்றை ஏற்றி முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினான். அது அணையவில்லை. செப்புச் சல்லடையைப் பெயர்த்து, குழாய்க்குள் கை போன மட்டும் மண்ணைத் திணித்து, மிதித்து, அடைத்தான்.

"அப்ப வீடு எப்படி மூச்சு விடும்?" என்று செவெரின் படியில் நின்று அலறினான்.

"ஜன்னலை வெட்டுங்க சார்," என்றான் அலாய்ஸ், மண்டியிட்டபடியே. "திறக்கற ஜன்னல்."

இதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? பத்திரிகை வந்தது. ஆறு பக்கம். 'மூச்சு விடும் வீடு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதற்கு ஒரு பரிசும் கொடுத்தார்கள். செவெரின் மேடையில் நின்று கையைப் பிசைந்து பேசினான் என்று கேள்விப்பட்டேன். லிவியா அந்த விழாவுக்குப் போகவில்லையாம். சல்லடையைத் திரும்ப அதே இடத்தில் பொருத்திவிட்டோம், செப்பு விலை அப்படி. இன்றைக்கும் வருகிறவர்கள் அதன் மேல் கையை வைத்து, கண்ணை மூடி, "ஆகா, நிலவறையோட மூச்சு! என்ன குளிர்ச்சி!" என்கிறார்கள். சல்லடைக்கு அடியில் ஒரு கை ஆழத்துக்குக் களிமண். அந்தப் பக்கம் நிலவறையில் என் இரும்பு மூடி, நானே திருகினது. நான் யாரையும் திருத்துவதில்லை. கையை வைத்துவிட்டுப் போகட்டும்.

போன அக்டோபரில் ஒரு ஹாம்பர்க் தம்பதி இணையத்தில் எழுதியிருந்தார்கள். அலாய்ஸ் என் அடுக்களையில் உட்கார்ந்து போனில் அதை வாசித்துக் காட்டினான்: "ஐந்து நட்சத்திரம். எங்களுக்கு அறையைக் கொடுக்கும் முன் வீட்டுக்காரர் தானே மெத்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தரையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறார். அது நன்றாக நின்று எரியும் வரை எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இவ்வளவு காதலோடு எங்களை யாரும் வரவேற்றதில்லை."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "கேட்டியாடா, காதலாம்!"

அவன் சிரிக்கவில்லை. லைட்டர் இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தான். மேலே நிலவறையில் சாறு பொங்கிக்கொண்டிருந்தது, அன்று சாயங்காலம் அவனுக்குப் புது விருந்தாளிகள் வருவதாக இருந்தது.